அகராதியே துணை என்றிருக்கும் அளவுக்கு அரிய சொற்கள் நிறைந்த குறுக்கெழுத்துப் புதிரை எப்படி முடிப்பது? அகராதி பார்த்தால் ஏமாற்றுவதாகுமா?

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான் படித்தேன், தமிழ் வீட்டில் கற்றது. அல்சூரில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாதம் ஒரு புதிர் கட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நேரடியாகப் பொருள் கேட்கும் குறிப்பு ஒன்றுகூட இருக்காது. விடைகளில் பாதி நான் அதுவரை கேட்டே இராத சொற்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அகராதியை மூடி வையுங்கள். இந்த வகைப் புதிரில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பகுதி உண்டு. ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மிச்சம், பெரும்பாலும் எழுத்துகளைச் சேர்க்கும் வழி. நல்ல புதிராசிரியர் எல்லோருக்கும் தெரிந்த சொல்லென்றால் வழியைச் சிக்கலாக்குவார். யாருக்கும் தெரியாத சொல்லென்றால் வழியை எளிதாக்கித் தருவார். இது எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. எழுத்துகள் தாமாக வந்து விழுகின்றன, ஆனால் வந்த சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். அழித்துவிடாதீர்கள்.

நான் அழித்தேன். குறிப்பு இது (அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை): ‘தலையில்லா ஆழியை எலி விழுங்கினால் மேகம் (3)’. ஆழி என்றால் கடல். தலை போனால் ‘ழி’. அதை எலி விழுங்கினால் எ, ழி, லி. எழிலி! எழில் தெரியும், எழிலரசி என்று தோழி ஒருத்தி இருந்தாள். எழிலி என்று ஒரு மேகமா? நம்பாமல் அழித்துவிட்டு முகில், மஞ்சு என்று தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழாக வந்த சொல் கடைசிக் கட்டத்தில் ‘லி’யைக் கொண்டுவந்து வைத்தது. முகிலும் போயிற்று, மஞ்சும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, வைட்ஃபீல்டில் வேலை முடிந்து மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். பையப்பனஹள்ளி தாண்டும்போது சட்டென்று நினைவு வந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. அந்த உற்சாகத்தில் அப்பா தினமும் ஒரு குறள் மனப்பாடம் செய்ய வைத்தார். அதில் பதினேழாவது: ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’. மேகம் பெய்யாவிட்டால் பெருங்கடல்கூடத் தன் இயல்பில் குறைந்துபோகும் என்று பொருள். ‘தடிந்தெழிலி’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேனே தவிர, அதற்குள் எழிலி என்று தனிச் சொல் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை வருடமும் அது என் வாயில்தான் இருந்திருக்கிறது. கடலும் மேகமும் அந்தக் குறளிலும் சேர்ந்தே வருவதைக் கவனித்துத்தான் ஆழியைக் குறிப்பில் வைத்தாராம் பெரியப்பா. அன்று ரயிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்புகளுக்குத் தமிழ் இலக்கணமே பெரிய துணை. ‘விநயம் குலைந்தால் கோடரிதான் (4)’ என்று ஒன்று. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் வி, ந, ய, ம் நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். ஆனால் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ‘ம்’ கடைசியில்தான் என்று வைத்துக்கொண்டால் ஆறே வழி. அதில் ஒன்று விநயமே. மிச்சம் ஐந்தையும் ஓரத்தில் எழுதி வாய்விட்டுப் படித்தேன். நவியம் என்பது மட்டும் சொல் மாதிரி ஒலித்தது. கோடரியேதான், புறநானூற்றில் காவல்மரங்களை வெட்டுவது இந்த நவியம்தான்.

இதேபோல, தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்று முடியாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்காது. ‘ங்’ விழுந்தால் அடுத்த கட்டம் பெரும்பாலும் க வரிசை. ‘ந்’ விழுந்தால் த அல்லது ந. ர், ழ் இரட்டிக்காது. மற்றவர்கள் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் எல்லாம் இங்கே பென்சில் முனையில் வந்து உட்காரும். தெரியாத சொல்லையும் பாதி ஊகித்துவிடலாம்.

அக்கம்பக்கத்து மொழியையும் கேளுங்கள். இது பெங்களூர்க்காரர்களுக்குக் கிடைத்த கொடை. ‘உயிரின் நடுவே கிளியின் முகம் வந்தால் நகம் (3)’. உயிரின் நடுவெழுத்துக்குப் பதில் கிளியின் முதலெழுத்து: உகிர். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் எங்கள் கன்னட டீச்சர் ‘உகுரு தோரிசு’ என்பார். நாங்கள் வரிசையாகக் கையை நீட்டுவோம், நகம் வெட்டாதவர்களைத் தனியே நிறுத்துவார். தமிழில் ஏட்டோடு நின்றுவிட்ட சொல், தெருவில் கன்னடத்தில் உயிரோடு திரிகிறது. கன்னடத்தில் க என்று நிற்பது தமிழில் சில இடங்களில் ச ஆவதும் நினைவிருக்கட்டும்: கிவி என்றால் செவி, கேரி என்றால் சேரி. மலையாளமோ தெலுங்கோ தெரிந்தவர்களுக்கும் இப்படிப்பட்ட உறவுச் சொற்கள் கைகொடுக்கும்.

இனி அகராதி. ஏமாற்று இல்லை, ஆனால் கடைசியில். 1972 முதல் லண்டன் அப்சர்வர் இதழில் அசெட் என்ற புனைபெயரில் வந்த ஆங்கிலப் புதிர்களையே சேம்பர்ஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்க்க வேண்டும் என்பதுதான் வழக்கம். நமக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு 1939-இல் பிற்சேர்க்கை. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எழிலியைக் கட்டி முடித்துவிட்டு அங்கே போய்ச் சரிபார்ப்பது ஒன்று. ‘மேகம்’ என்று போட்டு வருவதையெல்லாம் கட்டத்தில் அடைத்துப் பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் சொல் மறுநாளே மறந்துபோகும், எனக்கு மறந்திருக்கிறது. விடையை அனுப்பினால் பெரியப்பா போன் பண்ணிக் கேட்பது ஒரே கேள்விதான்: “நீ கட்டினியாம்மா, அகராதி கட்டிச்சா?”

ஆனாலும் என்னை அதிக நாள் தவிக்கவிட்டது அரிய சொல் அல்ல. ‘இரண்டாகப் பிரியும் வழியில் வருத்தம் (3)’. ஒரு வாரம். விடை கவலை. கிளைத்துப் பிரியும் பாதைக்கும் பழந்தமிழில் கவலை என்றுதான் பெயர். தெரிந்த சொல்லுக்குத் தெரியாத பொருள் இருக்கும் என்று தோன்றவே இல்லை. குறிப்பின் எந்தப் பகுதியிலும் எழுத்து சேர்க்கும் வேலை தென்படவில்லை என்றால், இரண்டு பொருள் கொண்ட ஒரே சொல்லைத் தேடுங்கள்.

இந்த மாதப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்ததை உங்களுக்காக விட்டுவைக்கிறேன்: ‘சிலைக்குள்ளே தலைமைத் தச்சன், பிறகு கறையான் (3)’. எங்கள் தெருவில் கறையானைக் கன்னடத்தில் கெத்தலு என்பார்கள். கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் லெக்சிகனைத் திறங்கள்.