லீக்ஸ் பாத்தியில் ஆஸ்பத்திரிச் சாம்பல்

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “லொறியில் வந்தவரிடம் ‘பொட்டாஷ் சாம்பல்’ நாலு உரப்பை வாங்கி லீக்ஸ் பாத்திக்குப் போட்டோம். அது ஆஸ்பத்திரிக் குப்பை எரித்த சாம்பலாம், பாதரசம் இருக்குமாம். பிள்ளைகளுக்கு என்னாகும்?”

பதறாதீர்கள். பாதரசம் 357 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலைச் சூடு அதைவிட மிக அதிகம். உடைந்த தெர்மோமீட்டர், டியூப் பல்ப் எதிலிருந்து வந்தாலும் பெரும்பகுதி புகையோடு போய்விடும். புகைக்குழாய் வடிகட்டியில் படியும் நைசான தூள்தான் பொல்லாதது. எனக்குப் பெரிய கவலை ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும். சாம்பலிலோ அந்தத் தூளிலோ தங்குபவை அவை. ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும். அந்தப் பாத்தி லீக்ஸைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பிள்ளைகள் அங்கே விளையாடியிருந்தால் டாக்டரிடம் சாம்பல் கதையைச் சொல்லி, ஈயத்துக்கு இரத்தம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

சாம்பலை வெறுங்கையால் கிளறாதீர்கள். கருகிய ஊசி முனையும் உருகிய மருந்துக் குப்பிக் கண்ணாடியும் கிடக்கும். தண்ணீர் தெளித்து, தூசி பறக்காமல், மேல்மண்ணோடு மண்வெட்டியால் வழித்துப் பையில் கட்டி மூடி வையுங்கள். கானில் கொட்டவே கூடாது. கான் தண்ணீர் கொத்மலை ஓயாவுக்கும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் போகும். சேற்றுக் கிருமிகள் சாம்பலில் மிஞ்சிய பாதரசத்தை இன்னும் கொடிய வடிவுக்கு மாற்ற, அது மீனில் சேரும்.

அப்போ அடுப்புச் சாம்பல்? அது நல்லது, அளவாகப் போடுங்கள். ஆனால் விறகுச் சாம்பல் மட்டும். பெயின்ட் அடித்த பலகை எரித்திருந்தால் வேண்டாம். பொலித்தீன் போட்டு மூட்டிய அடுப்பென்றாலும் வேண்டாம். லயத்துக் குப்பையைச் சேர்த்து எரித்த மூலையிலிருந்து அள்ளியதும் விறகுச் சாம்பல் அல்ல.

இந்த லொறிக்காரர்களை நம்பவே நம்பாதீர்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து விலை எகிறியதிலிருந்து எதையும் உரமென்று விற்கலாம் என்றாகிவிட்டது. ‘லேப் ரிப்போர்ட்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் பொட்டாஷ் சதவீதம் மட்டும் இருக்கும். ஈயம் எவ்வளவு, எந்த உலைச் சாம்பல் என்று கேளுங்கள், ஆள் நழுவுவார்.

அபாயகரமான கழிவை ஏற்றியிறக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டம் இருக்கிறது. முறைப்பாடு கொண்டுபோனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும். தோட்டத்து ஆள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எத்தனை மேசைக்கு அலைவார்? அதனால் எழுத்தில் கொடுங்கள். அதிகாரசபைக்கு ஒன்று, பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒன்று, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு கரண்டிச் சாம்பலை மூடியுள்ள போத்தலில் எடுத்து வையுங்கள். லொறி நம்பர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.