சாவுக்குப் பத்திரிகை வைப்பதில்லை

கேள்வி: எனக்கு வயது 50. சொந்த ஊர் திருச்சி. 22 ஆண்டுகளாக அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் இருக்கிறேன். கல்லூரி விடுதியில் அறைத் தோழன் போட்டுக் காட்டிய ஒரு கேசட்டில் தொடங்கி, நிர்வாணா, சவுண்ட்கார்டன் குழுக்கள் என்று, சியாட்டில் பக்கத்து ராக் இசையான கிரஞ்ச் என்னைப் பிடித்துக்கொண்டது (அந்தத் தோழன் இப்போது இல்லை). இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஏப்ரல் 5-ஆம் தேதியும், நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த நாளில், அவர் வாழ்ந்த வீட்டை ஒட்டிய விரெட்டா பூங்காவுக்குப் போவேன். ரசிகர்கள் எழுதி நிரப்பிய மரப் பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். இந்த ஆண்டு 17 வயது மகளையும் அழைத்துப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "வழி தவறி வந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். காரில் திரும்பும்போது மகள், "அவர்கள் ஆள் செத்ததற்கு நீங்கள் ஏன் அப்பா அழுகிறீர்கள்? ஒரு கறுப்பினப் பாடகர் செத்தால் அவர்கள் இப்படி வந்து உட்காருவார்களா?" என்றாள். அன்றிலிருந்து எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் போவதா, வேண்டாமா?
பெயர் வெளியிட வேண்டாம், ரெட்மண்ட்

பதில்: தாராளமாகப் போங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் மகள் கேட்டதை இரண்டு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். அழைக்க மறந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும். சாவுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது. காதில் விழுந்தால் போக வேண்டியதுதான். சிறுவயதில் ஒரு துக்க வீட்டில், மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒரு பாட்டியிடம், இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் வேண்டாம், ஒருநாள் பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுத்தவர் என்றார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். இறந்தவருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை.

(உங்களுக்காகப் பிசிராந்தையாரைத் துணைக்கு இழுக்கலாமா என்று யோசித்தேன். சரிப்படாது. அவர் முகம் பார்க்காமலே நட்புக் கொண்டார் என்றாலும், தம் நண்பர் வருவார் என்று கோப்பெருஞ்சோழனுக்குத் தெரியும். பக்கத்தில் இடம்கூட ஒதுக்கி வைத்தான். உங்களுக்கு அப்படி யாரும் இடம் ஒதுக்கவில்லை. பஸ் பாட்டிதான் உங்களுக்கு நெருங்கிய சொந்தம்.)

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறாள். ஒன்று தவறு, மற்றொன்று மிகவும் சரி.

"அவர்கள் ஆள்" என்றாளே, அதுதான் தவறு. 1984-ல் சவுண்ட்கார்டனைத் தொடங்கிய மூவரில் கிட்டார் வாசித்த கிம் தயில், கேரளத்திலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் பிள்ளை. பேஸ் கிட்டார் வாசித்த ஹிரோ யமமோட்டோ ஜப்பானிய வம்சாவளி. மூன்றாமவர் கிறிஸ் கார்னெல். 2017 மே மாதம் டெட்ராய்ட்டில் கச்சேரியை முடித்த இரவில் அவர் தற்கொலை செய்துகொண்டபோது, அந்த வீட்டின் முதல் துக்கக்காரர்களில் ஒருவர் தாடி வைத்த ஒரு மலையாளி. உங்களைப் பார்த்து வழி தவறினீர்களா என்று கேட்டவர், கிம் தயில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாரோ என்னவோ.

கோபேன் விஷயத்துக்கு வருவோம். தம் துக்க வீட்டுக்கு யார் வரக்கூடாது என்று அவரே எழுதி வைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1992 டிசம்பரில் வெளியான ஒரு நிர்வாணா இசைத் தொகுப்பின் உறைக் குறிப்பில், ஓரினச் சேர்க்கையாளர்களையோ வேறு நிறத்தவரையோ பெண்களையோ வெறுப்பவர்கள் எங்கள் கச்சேரிக்கு வரவேண்டாம், எங்கள் ரெக்கார்டுகளையும் வாங்கவேண்டாம் என்று கெட்ட வார்த்தையும் சேர்த்தே எழுதினார். அந்தப் பட்டியலில் திருச்சிக்காரர்கள் இல்லை.

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவிக்காக நிர்வாணா வாசித்த நிகழ்ச்சியை உங்கள் மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள், அது வேறு. மேடை முழுக்க லில்லிப் பூக்களும் கறுப்பு மெழுகுவத்திகளும். சாவு வீட்டைப் போலவா என்று தயாரிப்பாளர் கேட்க, அதே போலத்தான் என்றாராம் கோபேன். கடைசிப் பாட்டுக்கு முன், தமக்கு மிகவும் பிடித்த பாடகர் என்று லெட்பெல்லியின் பெயரைச் சொல்கிறார். லெட்பெல்லியின் கிட்டாரை யாரோ 5 லட்சம் டாலருக்கு விற்க வந்ததாகவும், அதை வாங்கித் தரும்படி தம் ரெக்கார்டு கம்பெனி முதலாளியிடமே கேட்டுப் பார்த்ததாகவும் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு பாடுகிறார். மெதுவாகத் தொடங்குகிற குரல் கடைசி அடிகளில் ஒரு ஸ்தாயி மேலே ஏறி, கிழிந்து, ஓரிடத்தில் அப்படியே நிற்கிறது. மூடியிருந்த கண்களைத் திறக்கிறார், ஒரு மூச்சு வாங்குகிறார், மிச்சத்தைப் பாடி முடிக்கிறார். இன்னொரு பாட்டு பாடச் சொன்னார்கள். இதற்கு மேல் முடியாது என்று மறுத்துவிட்டார். ஐந்து மாதத்தில் அவரே இல்லை. உலகமே பார்த்து அழுத அந்த ஒப்பாரி, 1949-ல் இறந்துபோன ஒரு கறுப்பினப் பாடகரிடமிருந்து வந்தது. அவருக்கும் அது சொந்தப் பாட்டில்லை. அமெரிக்கத் தெற்கின் மலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் மாறி மாறிப் பாடிய பழம்பாட்டு. ஒப்பாரிக்கு யாரும் பட்டா போட முடியாது என்பது அங்கேயும் உண்மைதான் போலிருக்கிறது.

அடுத்ததில் மகள் சொல்வதுதான் சரி. நீங்கள் கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

லெட்பெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933-ல் லூசியானாவின் அங்கோலா சிறையில் கைதியாக இருந்தபோது, நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த லோமாக்ஸ் என்ற தந்தையும் மகனும் அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். பெயர் பரவியது, பணம் பெரிதாகச் சேரவில்லை. அவர் இறந்த மறு ஆண்டே, அவரிடமிருந்து வந்த ஒரு பாட்டை வெள்ளையர் குழு ஒன்று பாடி, அது வாரக்கணக்கில் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது.

டீனா பெல் என்ற பெயரை உங்கள் கடிதத்தில் காணோம். 1983-ல் சியாட்டிலில் பாம் பாம் என்ற குழுவின் பாடகியாக மேடை ஏறிய கறுப்பினப் பெண். கிரஞ்ச் என்ற சொல் உலகச் சந்தைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1984-ல், அந்தக் கனத்த, சேறு படிந்த ஓசையோடு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். பின்னாளில் சவுண்ட்கார்டனுக்கும் பேர்ல் ஜாமுக்கும் டிரம்ஸ் வாசித்த மாட் கேமரன் அதற்கு முன் இந்தக் குழுவில்தான் வாசித்தார். கேமரன் ஊரறிந்த ஆளானார். பாடகியை ஊர் மறந்தது. 2012-ல் லாஸ் வேகஸில், 55 வயதில் இறந்தார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய மகன் டி.ஜே. மார்ட்டின் ஓர் ஆவணப்படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். இருந்தும் டீனா பெல்லின் சாவுக்கு எந்தப் பூங்காவிலும் யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. பத்திரிகைகள் அவரைத் தேடி எழுதத் தொடங்கவே எட்டொன்பது ஆண்டுகள் ஆயின. கிரஞ்சின் தாய் என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் கொஞ்சம் எரிச்சல்தான். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல ஒப்பந்தம் கொடுத்திருக்கலாம்.

ஆக, "அவர்கள் வந்து உட்காருவார்களா" என்று உங்கள் மகள் கேட்டதற்குப் பதில், பெரும்பாலும் உட்காரவில்லை என்பதுதான். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. சியாட்டிலிலேயே பிறந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு 1970 அக்டோபர் 1 அன்று அதே ஊரில், ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தபோது, அவரோடு வாசித்த வெள்ளை ஆங்கிலேயர்கள் இருவரும் வந்திருந்தார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் வந்தார். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் உலகப் புகழ் பெற்றவர். கூட்டத்தை வைத்து அன்பை அளப்பதென்றால் புகழ் இல்லாதவர்களின் சாவைத்தான் பார்க்க வேண்டும், டீனா பெல்லுடையதைப் போல.

இதற்காகக் கோபேனை அழாமல் விட்டு டீனா பெல்லுக்குக் கணக்குத் தீர்க்க முடியாது. கண்ணீர் ரேஷன் அரிசி அல்ல, ஒருவருக்கு அளந்தால் இன்னொருவருக்குக் குறைந்துவிட. ஏப்ரல் 5-க்குப் பூங்காவுக்குப் போங்கள். அந்த மனிதர் மறுபடி கேட்டால், இல்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். சண்டை வேண்டாம், துக்க வீடு. அவர் கெட்ட எண்ணத்தில்தான் கேட்டார் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆனால் மகளுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. அதை அங்கேயே துடைத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினீர்கள் பாருங்கள், அவள் கோபம் பாதி அதில்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் வலித்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.

அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை அவளை ரென்டனுக்கு அழைத்துப் போங்கள். ஹெண்ட்ரிக்ஸ் அங்கே கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளில் நீங்கள் ஒருமுறையாவது போயிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். போகும்போது பாம் பாம் குழுவின் பாட்டுகளைக் காரில் போடுங்கள். ஒலிப்பதிவு சுமார்தான், குரல் அசத்தும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. இரண்டு பக்கக் கடிதத்தில் பெஞ்சைப் பற்றி, பூங்காவைப் பற்றி, மகளைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டிய தோழனுக்கு நான்கே நான்கு சொற்கள், அவையும் அடைப்புக்குறிக்குள். சாவு வீட்டில் கூடி அழுகிற பெண்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுச் சாவைத்தான் அழுவார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை, ஒப்பாரியே அதற்குத்தான். ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்தப் பெஞ்சில் நீங்கள் யாரை நினைத்து உட்காருகிறீர்கள் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? அவன் பெயரைக்கூட எனக்கு எழுதவில்லை, பரவாயில்லை. அவளிடம் சொல்லுங்கள். எந்த ஊர்க்காரன், விடுதியில் எந்தக் கட்டில் அவனுடையது, கேசட்டின் எந்தப் பக்கம் முதலில் சுழன்றது என்பதெல்லாம். ரெட்மண்டிலிருந்து ரென்டன் போகக் காரில் அரை மணி நேரமாவது ஆகும்.