மயக்க மருந்து: 150 ரூபாய்

ஐயா, வணக்கம்.

என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இந்த ஆண்டு மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதினாள். நல்ல ரேங்க். ஸ்கேன் படிக்கிற ரேடியாலஜியோ, தோல் வைத்தியமான டெர்மடாலஜியோ சிரமமில்லாமல் கிடைக்கும் என்கிறார்கள். அவளோ மயக்கம் கொடுக்கிற அனஸ்தீசியாதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் மைத்துனரும் டாக்டர்தான். 'மயக்க டாக்டருக்குத் தனியாக ஒரு போர்டு உண்டா? சர்ஜனுக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்' என்கிறார். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ரேங்க் வீணாகிவிடுமே என்று எங்களுக்குத் தூக்கமில்லை. இனி கம்ப்யூட்டரே ஸ்கேன் படித்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் ரேடியாலஜிக்கும் ஆபத்தா? கோச்சிங் சென்டர்களைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். எந்தத் துறை உயர்ந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓர் அப்பா,
வீரவநல்லூர்

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். 82 வயது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். உங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னாள், அண்ணாந்து பார்க்கச் சொன்னாள், மிச்சமிருக்கும் பற்களில் எது ஆடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். 'நீதான் தலைமாட்டுல இருக்கப்போறியா தாயி?' என்று அம்மா கேட்டாள். 'ஆமா ஆச்சி.' 'அப்ப சரி' என்று கண்ணை மூடிக்கொண்டாள். சர்ஜன் யார் என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மைத்துனர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகள் ஏன் அனஸ்தீசியாவைக் கேட்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா, இல்லையா? கோச்சிங் சென்டர் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. கம்ப்யூட்டர் ஸ்கேன் படிக்குமா என்பதை மைத்துனரிடமே விட்டுவிடுகிறேன், அவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே.

எனக்குப் பொறுக்காதது அந்த 'வீண்' என்ற சொல்தான். அந்தத் தேர்வு 200 கேள்வி, 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். அதில் முன்னால் வந்தால் என்ன கிடைக்கிறது? மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிடிக்காத பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்குகிறவர் உண்டா? நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள் அண்ணாச்சி. தோலைப் பற்றித் துளி ஆர்வமில்லாத பிள்ளை, இந்த ரேங்குக்கு டெர்மடாலஜி எடுக்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்று எடுக்கிறது. ரேங்க் செலவாக வேண்டுமாம், முழுசாகச் செலவாக வேண்டுமாம், பத்து பைசா மிச்சம் வந்தாலும் வீணாம். பிடித்ததை எடுத்தவளின் ரேங்க் எப்படி வீணாகும்? பிடிக்காததை எடுத்து முப்பது வருஷம் ஓட்டுகிறவனிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

அந்த உயர்வு தாழ்வு வரிசை சாசுவதமா என்றால் அதுவும் இல்லை. நான் காலேஜில் படித்தபோது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் எனக்கு நண்பர்கள் இருந்தார்கள். 1965-இல் ஆரம்பித்த கல்லூரி, நான் சொல்வது எண்பதுகளின் நடுவில். அவர்களுடைய கனவெல்லாம் ஜெனரல் மெடிசின், ஜெனரல் சர்ஜரி, பிரசவம் பார்க்கிற ஓ.ஜி. இவைதான். ரேடியாலஜிக்குப் போனவனை 'இருட்டறைக்காரன்' என்று கேலி செய்வார்கள். எக்ஸ்ரே 1895-லேயே வந்துவிட்டது. அது தராத மவுசை சி.டி. ஸ்கேன் தந்தது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அதில் படமெடுத்தார்கள். அதைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டரே இல்லை, இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர். 1979-இல் நோபல் பரிசு வாங்கினார். மெஷின் நம்மூருக்கு வந்தது, சொந்த சென்டர் வைக்கலாம், ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்று ஆனது. உடனே இருட்டறைக்காரன் மாப்பிள்ளைச் சந்தையில் முதலாள். தூங்க ஆசைப்படுவது பாவமில்லை. அதைத் தூக்கம் என்றே சொல்லுங்கள், கௌரவம் என்று ஏன் சொல்கிறீர்கள்?

இன்னொரு பக்கம், 2023-இல் முதுகலை இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று அந்தத் தேர்வில் தகுதி பெற வேண்டிய பெர்சென்டைலையே பூஜ்யத்துக்கு இறக்கினார்கள். வழக்கமாக அப்படிக் காலியாகக் கிடப்பவை உடற்கூறு சொல்லும் அனாடமி, உடலின் ரசாயனம் சொல்லும் பயோகெமிஸ்ட்ரி மாதிரியான துறைகள். எல்லா டாக்டருக்கும் முதல் வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடங்கள் அவை. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா என்ன?

நம்ம ஜில்லாக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம், அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. கோ. வெங்கடசாமி, 1918-இல் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்று கிளம்பினார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போய்விட்டன. பிள்ளை எடுக்க முடியாது என்று ஆனபிறகுதான் கண் பக்கம் வந்தார். தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டார். ரிட்டயரான பிறகு, 1976-இல், மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அந்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கிளையில்தான் நம்மூர் ஆச்சிகள் எல்லாம் பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு ஆசைப்பட்ட பாயசம் கிடைக்கவே இல்லை, தெரியுமா?

மைத்துனரின் 'பெட்டி'க்கு வருகிறேன். லண்டனில் 1745 வரை சர்ஜன்களும் நாவிதர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அங்கே சர்ஜனை இன்னும் 'டாக்டர்' என்று சொல்லாமல் 'மிஸ்டர்' என்று சொல்வது அந்தப் பழைய கதையின் மிச்சம். நாம் மட்டும் என்ன? பிள்ளை எடுக்க மருத்துவச்சியை உள்ளறைவரை கூப்பிட்டுவிட்டு, மறுநாள் அவளைப் புறவாசலோடு நிறுத்திய ஆட்கள். யார் பின்னால் யார் நடக்கிறார்கள் என்பதில் நமக்கு அப்படியொரு கணக்கு. 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியைத் தூங்கவைத்துக் காட்டினார். அதுவரை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு சீக்கிரம் அறுக்கிறார் என்பதுதான் சர்ஜனின் பெருமை. நிதானமாகத் திறந்து, தேடி, தைத்து மூட அவகாசம் வாங்கிக் கொடுத்தது யார்? 2020-இல் மூச்சுத் திணறுகிறவர்களின் தொண்டைக்கு நேராக முகத்தை வைத்துக் குழாய் இறக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் மயக்க டாக்டர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்தப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். 1986. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலை ஆறரைக்கு ஒருவர் பஜாஜ் ஸ்கூட்டரில் வந்தார், காலிடுக்கில் ஒரு தகரப் பெட்டி. நான் மெக்கானிக் என்று நினைத்தேன். அம்மாவை இறால் மாதிரி வளைந்து உட்காரச் சொல்லி முதுகில் ஊசி போட்டாராம். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, நினைவு இருக்கிறது. முகத்துக்கு முன்னால் திரை. தலைமாட்டிலிருந்து ஒரு குரல், 'எந்த ஊரு?' என்று ஆரம்பித்ததாம். களக்காட்டுப் பக்கம் என்றதும், 'உளுந்தங்களி எப்படிக் கிண்டுவீங்க?'

அம்மா சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். தோலுளுந்தை வாசம் வர வறுத்து, ஒரு பிடி பச்சரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி... 'மாவை எப்பப் போடணும்?' 'பாகு கொதிக்கும்போது.' 'எங்க வீட்ல பச்சைத் தண்ணில கரைச்சுல்லா ஊத்துவாங்க?' 'அப்படி ஊத்துனா அது களியா, கஞ்சியா?' சண்டையே வந்துவிட்டது. நல்லெண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். கடைசிவரை முகத்தைப் பார்க்கவில்லை அவள்.

முதுகு ஊசி போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கொட்டாவி வரும், குமட்டும், பேச்சு தளரும் என்று வெகுநாள் கழித்து ஒரு நண்பர் விளக்கினார். இப்போது விரலில் மாட்டும் கிளிப்பும் திரையும் எல்லாவற்றையும் காட்டிவிடும். அன்றைக்கு அந்த மனிதரிடம் இருந்தது நாடியில் வைத்த விரல், பி.பி. பட்டி, அப்புறம் அம்மாவின் குரல். அவர் களியைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பில் வந்தது. அதில் ஒரு வரி: 'மயக்க மருந்து - 150 ரூபாய்.' அப்பாவுக்குக் கோபம். மருந்து இவ்வளவு விலையா, சீட்டை எழுதித் தாருங்கள், ஜங்ஷனில் குறைவாக வாங்கி வருகிறேன் என்று மல்லுக்கு நின்றார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'அது மருந்து இல்ல அண்ணாச்சி. டாக்டரு.'

அப்பா பேசவில்லை. சர்ஜனுக்கென்று வயலிலிருந்து கொண்டுவந்த ஏத்தன் தார் சுவரில் சாய்ந்து நின்றது. அதிலிருந்து இரண்டு சீப்பை அறுத்துத் தனியாக எடுத்து வைத்தார். ஸ்கூட்டர் அதற்குள் அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டது. தையல் பிரிக்கப் போன அன்று மஞ்சள் பையில் அந்தப் பழங்களைக் கொண்டுபோனோம். 'அவரு ஆபரேஷன் அன்னிக்கு மட்டுந்தான் வருவாரு' என்றார்கள். பேர் என்ன என்று அப்பா கேட்டார். மயக்க டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்களாம். பஸ்ஸில் திரும்பும்போது தோல் முழுக்கக் கறுத்துவிட்டது. ஆச்சி அதை அவித்துக் கொடுத்தாள். அப்பா மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த கடிதத்தை உங்கள் மகள் எழுதட்டும். மைத்துனருக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.