தாராவி நண்பருக்கு: ரயில் நோட்டீஸ் நம்பர் வேண்டாம்

அண்ணே, 45 வயது, சர்க்கரை, சில மாதமாக ஆண்குறி விறைப்பு நிலைக்கவில்லை, லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்கும் ‘குப்த ரோக்’ (இந்தியில் ரகசிய நோய்) வைத்தியர் நம்பருக்குப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சயான் ஆஸ்பத்திரி யூராலஜி (சிறுநீரகவியல், ஆண்குறி சிக்கல்களையும் பார்க்கும் பிரிவு) ஓபிடிக்குப் போங்கள். விடியற்காலையில் தானாக விறைக்கிறதா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்புறம் பிபி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, காலையில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவும் பார்ப்பார்கள். ஆண்குறியின் ரத்தக்குழாய் இதயத்தினுடையதைவிடச் சின்னது, அதனால் அடைப்பு பல நேரம் இங்கேதான் முதலில் காட்டும், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில்டெனாஃபில் மாதிரி மாத்திரைதான் எழுதுவார்கள், உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வயிறுமுட்டச் சாப்பிடாமல் போடணும். ஆனால் நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் எடுப்பவர் என்றால் இதைத் தொடவே கூடாது, பிபி சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.