ராத்திரி படமா? மொதல்ல லைட்டு எங்க இருக்குன்னு பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி ராத்திரி போட்டோ பத்திதான், அதுவும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்துதான் நெறைய. ஒரே விஷயத்த நாலு பேரு கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன், என் கேள்விய காணோமேன்னு கோச்சுக்காதீங்க.

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்: அண்ணே, தை மாசம் எங்க வயலுக்கு அறுவடை மிஷின் ராத்திரிதான் வருது, பகல்ல கெடைக்கவே மாட்டேங்குது. அப்பா வரப்புல நிக்கிறத போன்ல எடுத்தா மிஷின் லைட்டு மட்டும் வெள்ளையா வெடிச்சுடுது, அப்பா கருப்பாதான் தெரியறாரு. பிளாஷ் போட்டா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது, சுத்தி ஒரே வெள்ளைப் புள்ளி. என்னண்ணே பண்றது?

தம்பி, போன்ல தப்பில்ல, நீங்க நிக்கிற எடத்துலதான் இருக்கு விஷயம். மிஷின் உங்கள பாத்து வருது, நடுவுல அப்பா நிக்கிறாரு, அப்ப வெளிச்சம் பூரா அவரு முதுகுல, மூஞ்சில ஒண்ணுமே கெடையாது. நீங்க பக்கத்து வரப்புக்கு நகந்து, லைட்டு அவரோட ஒரு கன்னத்துல விழற மாதிரி நின்னுக்கோங்க, மிஷின் லைட்டு படத்துக்குள்ளயே வர வேண்டாம், ஓரத்துல வெளிச்சம் மட்டும் வந்தா போதும். வயக் கோடிக்குப் போயி மிஷின் திரும்புது பாருங்க, அப்ப அந்த லைட்டு அப்படியே சுத்திக்கிட்டு வரும், அப்பா மூஞ்சிய பக்கவாட்டுல தொட்டுட்டுப் போற ஒரு நிமிஷம் இருக்கு, அதுக்குத்தான் காத்திருக்கணும். ஸ்க்ரீன்ல அவரு மூஞ்சி மேல தொட்டு அமுக்கிப் பிடிங்க, ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆயிடும், பக்கத்துல வர்ற சூரியன் பொம்மைய கொஞ்சம் கீழ எறக்குங்க. ராத்திரின்னா ராத்திரி மாதிரிதானே இருக்கணும், போன் என்னவோ அத பகலாக்கப் பாக்கும், நீங்க விடாதீங்க.

அந்த வெள்ளைப் புள்ளி வேற ஒண்ணுமில்ல, அறுவடையில பறக்கற தூசியும் சுங்கும்தான். போன் பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கறதால லென்ஸுக்கு முன்னாடி ஒரு சாண் தூரத்துல பறக்கற தூசி மேலதான் மொதல்ல அடிக்கும், அது அப்பாவ விட பல மடங்கு பளிச்சுன்னு விழும். வெளிச்சக் கணக்கு அப்படி, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், அதனாலதான் கிட்ட இருக்கறது வெளுத்துப்போயி தள்ளி இருக்கறது இருட்டாவே நிக்குது. ஆனா அதே தூசிக்குப் பின்னாடிலேர்ந்து மிஷின் லைட்டு வந்துச்சுன்னா பொகை மாதிரி தங்க நெறத்துல தெரியும், அத பகல்ல எடுக்கவே முடியாது. அப்பாவோட இருட்டுப் பக்கத்துக்கு கொஞ்சம் வெளிச்சம் வேணும்னா தம்பியையோ மச்சானையோ ஒரு வெள்ளத் துண்ட விரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, மிஷின் லைட்டு துண்டுல பட்டுத் திரும்பி மூஞ்சில விழும், கல்யாண வீட்டுல நாங்க தெர்மாகோல் பிடிக்கிறது இதுக்குத்தான்.

என்னக் கேட்டா அறுக்கறப்ப எடுக்கறத விட, ரொம்பின நெல்ல மிஷின் குழா வழியா டிராக்டர் டிரெய்லர்ல கொட்டுறப்ப எடுக்கறதுதான் நல்ல படம். மிஷின் நகராம நிக்கும், லைட்டு அதே எடத்துல இருக்கும், அவசரமே இல்ல. போன் கேமராவுல எல்லாத்தையும் நாமளே வெச்சுக்கற ப்ரோ மோடுல ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 1/30 செகண்டு வெச்சா நெல்லு கோடு கோடா அருவியா எறங்கும், 1/500க்கு மேல வெச்சா மணி மணியா காத்துல நிக்கும், அதுக்கு ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுதுங்கற எண்ண ஏத்த வேண்டியிருக்கும், பரவால்ல ஏத்துங்க. ஒண்ணு மட்டும் கட்டாயம், எங்க நிக்கப் போறீங்கன்னு டிரைவர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, லைட்டு விழற எடத்துக்கு வெளியில இருக்கறவன் அவரு கண்ணுக்குத் தெரியவே மாட்டான், மிஷினோட வாய்க்கு முன்னாடி எந்தக் காரணத்துக்கும் போகாதீங்க.

பாபநாசம் வாசகர்: ராத்திரி படத்துக்கு எந்த போன் வாங்கலாம்?

இருக்கற போனோட லென்ஸை வேட்டித் தலப்புல நல்லா தொடச்சுட்டு எடுத்துப் பாருங்க. வெரல் எண்ணெய் படிஞ்சிருந்தா தெரு லைட்டு ஒவ்வொண்ணுலேர்ந்தும் நீளமா கோடு இழுக்கும். தொடச்ச பிறகும் புடிக்கலைன்னா அப்புறம் பேசலாம்.

திருவாரூர்லேர்ந்து ஒரு கல்லூரி மாணவி: சார், கமலாலயக் குளத்துல தெப்பம் எடுக்கறப்ப பிளாஷ் போட்டும் ஒண்ணும் விழலை, நைட் மோடுல எடுத்தா தெப்பம் கலங்கிப்போயிடுது. அண்ணாவோட பழைய கேமராவும் 50எம்எம் லென்ஸும் இருக்கு, அது போதுமா?

தாராளமா போதும்மா, சொல்லப்போனா போனை விட அதான் நல்லது. பிளாஷ ஆஃப் பண்ணிடு. கேமராவுலயே இருக்கற குட்டி பிளாஷ் ஐஎஸ்ஓ 100ல, எஃப்4ல (எஃப்ங்கறது லென்ஸோட வாய் எவ்வளவு தொறக்குதுங்கற எண்ணு, எண்ணு சின்னதானா வாய் பெருசு) சுமார் 3 மீட்டர் வரைக்கும்தான் எட்டும், ஐஎஸ்ஓ 1600க்கு ஏத்துனாலும் 12 மீட்டர் தாண்டாது. கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு சொல்லுவாங்கள்ல, அஞ்சு வேலின்னா 33 ஏக்கர், இந்தக் கரையிலேர்ந்து அந்த பிளாஷ் எந்த மூலைக்கு? முன்னாடி நிக்கிறவங்க பொடனி மட்டும் வெளுப்பா விழும், அவ்ளோதான்.

நைட் மோடு கலங்கறதுக்கு காரணம், அது ஒரு படம் எடுக்கறதில்ல, ரெண்டு மூணு செகண்டுல பல படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குது, அதுக்குள்ள தெப்பம் நகந்துடுது. கோபுரம், மண்டபம், நடுக்குளத்துக் கோயிலு, இதுக்கெல்லாம் நைட் மோடு நல்லா இருக்கும், நகர்ற எதுக்கும் ஆகாது. 50எம்எம்ல எஃப்1.8 இல்ல எஃப்2 தொறந்து, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60லேர்ந்து ஆரம்பி. தெப்பத்துல சீரியல் செட்டு அவ்வளவு போட்டிருக்கறதால கேமரா ஏமாந்துபோயி, சுத்தி இருக்கற இருட்டப் பாத்துட்டு பல்பையெல்லாம் வெடிக்க விட்டுடும், அதனால மேனுவல்ல வெச்சு பல்போட கலரு தெரியற வரைக்கும் வெளிச்சத்த கொறச்சுக்கோ. தெப்பம் குறுக்கால போறப்பதான் கலங்கறது அதிகம், மூலையில திரும்பி நேரா உன்னப் பாத்து வர்றப்ப கலக்கம் ரொம்பக் கம்மி, அப்ப 1/30ல கூட எடுக்கலாம். மேல ரோட்டுல நிக்காத, படித்துறையில கூடுமான வரைக்கும் கீழ எறங்கி தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல உக்காரு, தண்ணியில விழற வெளிச்சம் உன் காலடி வரைக்கும் நீளும். படியில பாசி இருக்கும், பாத்து.

கூட்டம் கலைஞ்சப்புறம் கேமராவ படியில வெச்சு எட்டு செகண்டு ஷட்டர்ல ஒண்ணு எடுத்துப் பாரு, தெப்பம் ஒளிக்கோடா மாறிப்போயி தண்ணி வழவழன்னு ஆயிடும். எனக்கு அந்த மாதிரி படம் அவ்வளவா புடிக்காது, ஆனா நெறைய பேருக்குப் புடிக்குது.

கும்பகோணம் ஸ்டுடியோவுல வேலை பாக்கற ஒரு தம்பி: ரிசப்ஷன் மேடையில எல்ஈடி லைட்டுல படம் எடுத்தா கோடு கோடா பட்டை விழுது. பிளாஷ் போட்டா பொண்ணு மாப்பிள்ளை வெள்ளை, பின்னாடி எல்லாம் ஆரஞ்சு.

நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால மட்டமான எல்ஈடி செகண்டுக்கு 100 தடவை மின்னும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர 1/50 இல்ல 1/100ல வை, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர ஆஃப் பண்ணு, பெரும்பாலும் போயிடும். பெரிய எல்ஈடி ஸ்க்ரீன் வேற ஸ்பீடுல மின்னும், அதுக்கு அங்கயே தட்டித் தட்டித்தான் ஷட்டர கண்டுபிடிக்கணும். கலருக்கு, பிளாஷ் வெளிச்சம் 5500 கெல்வின் (வெளிச்சத்தோட நெறத்த சொல்ற அளவு, எண்ணு கொறைய கொறைய மஞ்ச) கிட்ட, மஞ்ச சீரியல் 3000 கிட்ட, ரெண்டும் ஒரே படத்துல ஒத்துப்போகாது. நாடக மேடை லைட்டுக்குப் போடற ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் ஒரு துண்டு பிளாஷ் மூஞ்சில ஒட்டு, எந்த வெளிச்சத்த வெள்ளையா எடுத்துக்கணும்னு கேமராவுக்குச் சொல்ற ஒயிட் பேலன்ஸ 3200ல வை. பிளாஷ நேரா அடிக்காம மண்டபத்து மேல்தளம் வெள்ளையா இருந்தா அங்க அடிச்சுத் திருப்பு, பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தா வேண்டாம், பொண்ணு மூஞ்சி பச்சையாயிடும், ஒனக்குத்தான் திட்டு.

மயிலாடுதுறையிலேர்ந்து ஒரு அம்மா: திருக்கார்த்திகை அன்னிக்கி என் பொண்ணு குத்துவிளக்கு ஏத்தறத போன்ல எடுத்தேன். மூஞ்சி வெளிறிப்போயி விளக்கு சுடரே தெரியலை. நேர்ல பாக்க எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா?

அம்மா, கூடத்து டியூப்லைட்ட அணைச்சீங்களா? அது எரியற வரைக்கும் விளக்கு வெறும் அலங்காரம்தான், வெளிச்சம் டியூப்லைட்டோடது. அணைச்சுட்டா மொதல்ல ரொம்ப இருட்டா இருக்குன்னு தோணும், பயப்படாதீங்க. ஒரு மொகம் மட்டும் ஏத்துனா வெளிச்சம் பத்தாது, அஞ்சு மொகமும் ஏத்தச் சொல்லுங்க, வெளிச்சம் அஞ்சு மடங்காயிடும், ஷட்டர 1/15லேர்ந்து 1/60 வரைக்கும் கொண்டுபோகலாம், கை நடுங்குனாலும் தப்பிச்சுக்கலாம். பொண்ணு விளக்குலேர்ந்து ஒரு மொழம் தூரத்துல இருக்கட்டும், அதுக்கு மேல தள்ளிப்போனா மூஞ்சி மங்கிடும். விளக்கு மூஞ்சிக்குக் கீழ இருந்தா பேய்ப் படம் மாதிரி நிழல் மேல ஏறும், அதனால விளக்க ஒரு மணை மேல தூக்கி வெச்சு மூஞ்சி மட்டத்துக்குக் கொண்டாங்க. போன் தானா மஞ்சள கழிச்சு வெள்ளையாக்கப் பாக்கும், ஒயிட் பேலன்ஸ 'டேலைட்'ல வெச்சா அந்த மஞ்ச நிறம் அப்படியே நிக்கும். அகல் வரிசை வெக்கிறீங்கன்னா ஏழெட்ட ஒண்ணா சேத்து அவ பக்கத்துல வைங்க, மத்தது பின்னாடி பரவலா இருக்கட்டும். பாவாடை, தாவணி, முந்தி பத்திரம்.

தஞ்சாவூர் வாசகர்: பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னாடி பெருசா நிலா இருக்கற மாதிரி படம் பாத்தேன், அது ஒட்டுப்போட்ட படமா? ஸ்டாண்டு வெச்சு எடுக்க விடுவாங்களா?

நீங்க பாத்தது எதுன்னு தெரியாம ஒட்டுன்னு சொல்லக் கூடாது, ஒட்டாமலும் எடுக்கலாம். கணக்கு இதுதான், ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னா நிலா சுமார் 9 மீட்டர் அகலத்த மறைக்கும், விமானம் 66 மீட்டர் உயரம். அப்ப கோயில்ல ஏழுல ஒரு பங்குக்கு நிலா தெரியும், 300 இல்ல 400எம்எம் லென்ஸ் இருந்தா போதும். இந்தத் தூரத்துலேர்ந்து எடுத்த படத்துல விமானத்த விட பெருசா நிலா தெரிஞ்சா அது கம்ப்யூட்டர் நிலா.

கோயில் கிழக்கப் பாத்தது, அதனால சாயங்காலம் நிலா உதிக்கறப்ப நீங்க கோயிலுக்கு மேற்குப் பக்கம் தூரமா இருக்கணும், காலையில நிலா எறங்கறப்ப கிழக்குப் பக்கம். பௌர்ணமி நிலா மார்கழி, தையில வடக்க ஒதுங்கி எறங்கும், ஆனி, ஆடியில தெக்க ஒதுங்கும், நேர் மேற்குல எறங்கறது பங்குனியையும் புரட்டாசியையும் ஒட்டித்தான், அதுலயும் பங்குனியிலதான் வானம் தெளிவு. நிலா மறையற நேரமும் சூரியன் உதிக்கிற நேரமும் பக்கத்துல பக்கத்துல வர்ற நாளப் பாத்துப் போங்க. நடு ராத்திரியில எடுத்தா நிலாவுக்கு சரியா வெச்சா கோயில் இருட்டு, கோயிலுக்கு வெச்சா நிலா வெறும் வெள்ளை வட்டம், ஏன்னா நிலா வெயில்ல நிக்கிற கல்லு, அதுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்11, 1/100 போதும். விடியக்கால வானத்துல கொஞ்சம் வெளிச்சம் இருக்கறப்பதான் ரெண்டும் சேந்து விழும். நம்ம அட்சரேகையில அந்த நீல வெளிச்சம் இருபது, இருபத்தஞ்சு நிமிஷம்தான், சட்டுன்னு போயிடும். ஸ்டாண்டு விஷயம், உள்ள தொல்லியல் துறை அனுமதி இல்லாம வெக்க முடியாது, செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டு பிரயோஜனமில்ல. மேல சொன்ன படத்துக்கு உள்ள போகவே வேண்டாம்.

நாகப்பட்டினம் வாசகர்: கோடியக்கரையில பால்வீதி எடுக்கணும், எப்ப போகலாம்?

சரணாலயத்துக்குள்ள ராத்திரி போக முடியாது, வேதாரண்யம் உப்பளத்து ரோடு போதும், தெக்குப் பக்கம் கடலுங்கறதால வெளிச்சம் கம்மி. ஐப்பசி, கார்த்திகையில மழ மேகம், அத விட்ருங்க. பங்குனி, சித்திரையில அமாவாசைய ஒட்டி விடியக்காலம் மூணு மணிக்கு தெக்கப் பாத்து நில்லுங்க. 24எம்எம் லென்ஸுக்கு 500ஐ 24ஆல வகுத்தா சுமார் 20 செகண்டு, அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடாயிடும். எஃப்2.8, ஐஎஸ்ஓ 3200. முன்னாடி உப்புக் குவியல் தெரியணும்னா டார்ச்ச வெள்ளக் கர்ச்சீப்ல சுத்தி, பக்கவாட்டுலேர்ந்து ஒரு ரெண்டு செகண்டு தடவி விடுங்க, கேமரா பக்கத்துலேர்ந்து அடிக்காதீங்க. ஏசி போட்ட கார்லேர்ந்து எறங்கினதும் லென்ஸ்ல ஆவி படியும், கேமராவ பையிலயே அரை மணி வெச்சிருந்துட்டு எடுங்க. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால ஸ்டாண்டு கால தொடச்சுடுங்க, உப்பு விடாது, ஒரே சீசன்ல துரு ஏத்திடும்.