கேள்வி–பதில்: பூனைக்காது வைத்த பாடகிகள்

கேள்வி: பழைய சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் பாட்டுக் குழுப் பிள்ளைகள் எதற்காகச் சதிகாரர்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறார்கள்? பாடுகிறவர்களுக்குத் துப்பறிகிற வேலை எப்படி வந்தது?

பதில்: 1960களின் கடைசியில் அமெரிக்காவில் அடுத்தடுத்து நடந்த இரண்டு விஷயங்கள்தான் காரணம். அப்போது சனிக்கிழமைக் காலை என்றால் அடிதடி சூப்பர் ஹீரோ கார்ட்டூன்கள். பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று பெற்றோர் எதிர்க்க, சேனல்கள் வேறு கதைகளைத் தேட ஆரம்பித்தன. 1968இல் சிபிஎஸ் சேனலில் 'தி ஆர்ச்சி ஷோ' வந்தது, அதில் வரும் கார்ட்டூன் குழு பாடியதாக வெளிவந்த 'சுகர், சுகர்' 1969இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? பேய் மர்மங்களைத் துப்பறியும் 'ஸ்கூபி-டூ' கார்ட்டூனைக்கூட முதலில் ஒரு பாட்டுக் குழுவாகத்தான் யோசித்தார்கள், நாய்க்கு போங்கோ வாசிக்கும் வேலை. பாட்டு கழன்றுபோய்ப் பேயும் நாயும் நின்றன, அதுவும் நன்றாக ஓடியது. உடனே அதை எடுத்த அதே ஹான்னா-பார்பெரா நிறுவனம் ஆர்ச்சி காமிக்ஸின் ஜோஸி என்ற பாத்திரத்தை எடுத்து, பாட்டையும் மர்மத்தையும் சேர்த்து, மூன்று பெண்கள் பாடும் குழுவின் கதையாக 1970 செப்டம்பரில் 'ஜோஸி அண்ட் தி புஸிகேட்ஸ்' என்று கொண்டுவந்தது.

இந்தச் சேர்க்கை கதை எழுதுகிறவர்களுக்கும் வசதி. கச்சேரிக்குப் போகிற குழு என்றால் வாரம் ஒரு புது ஊருக்குப் போகக் காரணம் தேட வேண்டாம். வில்லன் துரத்தும்போது பின்னால் ஒரு பாட்டை ஓடவிட்டால் வசனமும் வேண்டாம், ஓடுகிற படங்களையே திரும்பத் திரும்பக் காட்டலாம். செலவைக் குறைக்கிற வழிதான், ஆனாலும் அந்தத் துரத்தல் பாட்டுகள் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

கேள்வி: குழுவில் டாம்பரின் வாசிக்கும் வலேரியை முதலில் வேறு மாதிரி வரைய இருந்தார்களாமே?

பதில்: ஆமாம். இந்தத் தொடரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காமிக்ஸில் வலேரி கறுப்பினப் பெண். கார்ட்டூனுக்கு வரும்போது மூன்று பேரையும் வெள்ளைக்காரப் பெண்களாக்கிவிட நிறுவனம் நினைத்தது. பாடல்களுக்குப் பொறுப்பாக இருந்த டேனி ஜான்சன் அதற்குள் வலேரியின் குரலுக்கு பாட்ரிஸ் ஹாலோவே என்ற கறுப்பினப் பாடகியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவரை மாற்றச் சொன்னார்கள், ஜான்சன் மாற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார். கொஞ்ச நாள் இழுபறிக்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்தது, வலேரி காமிக்ஸில் இருந்தபடியே திரைக்கு வந்தாள். சனிக்கிழமைக் காலை கார்ட்டூனில் வாராவாரம் வந்த முதல் கறுப்பினப் பெண் பாத்திரம் என்று அவளைத்தான் சொல்கிறார்கள். அதுவும் ஒப்புக்கு ஓரத்தில் நிற்கிறவள் இல்லை, எந்தப் பூட்டு, எந்த இயந்திரம் என்றாலும் குழுவில் மூளை வேலை செய்கிறவள் அவள்தான்.

பேசும் குரல்கள் வேறு, பாடும் குரல்கள் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜோஸியாகப் பேசியவர் ஜேனட் வால்டோ, பாடியவர் கேத்தி டௌகர். டிரம்ஸ் வாசிக்கும் மெலடிக்காகப் பாடியவரின் பெயர் தொடரின் பாட்டு ஆல்பத்தில் ஷெரி மூர் என்று இருக்கும், 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொடரில் பின்னால் நடித்த ஷெரில் லேட் அவரேதான்.

கேள்வி: இவர்கள் எப்படி விண்வெளிக்குப் போனார்கள்?

பதில்: 1972இல் பெயரோடு விண்வெளியைச் சேர்த்து இன்னொரு 16 பகுதிகள் எடுத்தார்கள். ராக்கெட் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும்போது, நடுவில் நிற்க இடித்துக்கொண்டு வந்த, ஜோஸி மேல் பொறாமைப்படும் அலெக்ஸாண்ட்ராவின் கை பட்டு அது கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான் காரணம். எனக்கு முதல் 16 பகுதிகளே போதும். சிரிப்பொலியை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பாட்ரிஸ் ஹாலோவே வேறு என்ன பாடியிருக்கிறார்?

பதில்: கேட்டதற்கு நன்றி, அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அக்கா பிரெண்டா ஹாலோவே மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடகி. அக்காவும் தங்கையும் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதி, 1967இல் அக்கா பாடிய 'யூ'வ் மேட் மீ ஸோ வெரி ஹேப்பி'யை 1969இல் பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழு பாடி பில்போர்டில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனது. பாட்ரிஸ் 1960களிலேயே தனி இசைத்தட்டுகள் பாடியிருந்தாலும், ஜோஸிக்குப் பாட வந்தபோது அவருக்கு வயது 19தான். கேபிடல் நிறுவனம் 1970இல் வெளியிட்ட அந்த ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. 2006இல் அவர் காலமானார். தொடரின் தலைப்புப் பாட்டை அடுத்த முறை போடும்போது முன்னால் நின்று பாடும் குரலைக் கவனியுங்கள், அது பாட்ரிஸ்தான்.