வாசகர் கேள்வி – பதில்: இரண்டு பள்ளிகள், ஒரே அளவுகோல்

வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர்ந்து சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் பற்றிய கூட்டுத்திட்டங்களை நடத்துகிற ஆசிரியர்களிடமிருந்தும், நடத்த விரும்புகிறவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். புவியியல் ஆசிரியராகப் பணியாற்றியபோது ஜெர்மானியப் பள்ளியொன்றுடன் இத்தகைய திட்டத்தை ஒருங்கிணைத்தவன் நான். அப்போது செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ரைன் நதிக்கரையில் உள்ள ஒரு பள்ளி எங்களோடு சேர்ந்து ஓராண்டுத் திட்டம் நடத்த முன்வந்திருக்கிறது. 'காலநிலை மாற்றமும் நாமும்' என்பது தலைப்பு. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. – தலைமையாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தலைப்பைச் சுருக்குவதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் முதல் ஆண்டிலும் ஏறத்தாழ இதே தலைப்புத்தான் இருந்தது. ஆண்டு முடிவில் எங்களிடம் மிஞ்சியவை சுவரொட்டிகள் மட்டுமே. அவற்றில் பாதிக்கு மேல் பனிக்கரடிகள். எங்கள் பிள்ளைகளும் பனிக்கரடியைப் பார்த்ததில்லை, ஜெர்மானியப் பிள்ளைகளும் விலங்குக் காட்சிச் சாலைக்கு வெளியே பார்த்ததில்லை. இரு தரப்பும் தங்கள் கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உங்களுக்கு அமைந்திருக்கும் இணை மிக அருமையானது. தஞ்சை வயல்களுக்குப் பாயும் காவிரி நீரின் பெரும்பகுதி தஞ்சையில் பெய்த மழையன்று; குடகு மலையில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்த மழை. ரைன் நதியும் அப்படியே. ஆல்ப்ஸ் மலையின் பனியும் மழையும்தான் கோடையில் அந்த நதியைத் தாங்கிப் பிடிக்கின்றன. எங்கோ பெய்வதை நம்பி வாழும் இரண்டு ஊர்களின் பிள்ளைகள் 'நம் நதிக்கு இந்த ஆண்டு தண்ணீர் எங்கிருந்து, எப்போது வந்தது?' என்ற ஒரே கேள்வியை ஆண்டு முழுவதும் பின்தொடரலாம்.

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. ரைன் நதியில் ஆழம் குறைந்து கப்பல் போக்குவரத்துக்கு இடுக்காக இருக்கும் இடம் கவுப் என்ற சிற்றூர். அங்குள்ள அளவுகோலின் கணக்கும் நாள்தோறும் வெளியாகிறது. குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பது வழக்கம். ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள்; 2024-இல் போதிய நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். அங்கே 2018 அக்டோபரில் கவுப் அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கிவிட, சரக்குப் படகுகள் பாரத்தைக் குறைத்துக்கொண்டு செல்ல நேர்ந்தது. உங்கள் மாணவர்களின் தாத்தாக்கள் ஜூன் 12 பற்றிச் சொல்லக்கூடியவற்றைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்; அங்கே படகோட்டிகளின் குடும்பங்கள் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. மேட்டூரில் 120 அடி, கவுப்பில் 25 செ.மீ. என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் பிள்ளைகள் உடனே ஒப்பிடத் தொடங்குவார்கள். முன்னது தேக்கிவைத்த நீரின் உயரம். பின்னது ஓடும் நதியில் ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து கணக்கிடும் அளவு. அது நதியின் ஆழமே அன்று, 25 செ.மீ. காட்டிய நாளிலும் படகுகள் செல்லும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக நீர் இருந்தது. எந்த எண் எதை அளக்கிறது என்று இரு பள்ளிகளும் ஒரு பக்கத்தில் எழுதி, இரு பக்க மாணவர்களும் அதைப் படித்துக் கேள்வி கேட்டு முடித்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் ஒருங்கிணைப்பாளரின் வேலையில் பாதி இந்த ஒரு பக்கம்தான். இன்னொன்று: ஓராண்டுப் பதிவு காலநிலை மாற்றத்தைக் காட்டாது, காலநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டுச் சராசரி. மாணவர்கள் ஓராண்டை அளக்கட்டும். பழைய ஆண்டுகளின் அரசுப் பதிவுகளைப் பக்கத்தில் வைத்து, தங்கள் ஆண்டு அவற்றில் எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட் அருகிலுள்ள பள்ளியும் நாங்களும் நாள்தோறும் பகல் 12 மணிக்கு வெப்பநிலையைக் குறித்து வந்தோம். மூன்று மாதம் கழித்து, இரண்டும் ஒப்பிடத் தக்கவை அல்ல என்று அங்குள்ள ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரியா? – அறிவியல் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சரிதான், வருந்தாதீர்கள். கடிகாரத்தின் 12 மணி வேறு, சூரியன் உச்சிக்கு வரும் நேரம் வேறு. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. நாகர்கோவில் அதற்கு மேற்கே சுமார் 5 பாகை தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், உங்கள் ஊரில் உச்சிப்பொழுது சராசரியாக 12.20-க்கு வருகிறது, நவம்பர் தொடக்கத்தில் 12.04, பிப்ரவரியில் 12.34 என்று மாறும். ஸ்டுட்கார்ட்டில் அது குளிர்காலத்தில் 12.23-ஐ ஒட்டியும், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடைக்காலத்தில் 1.23-ஐ ஒட்டியும் இருக்கும். ஆகவே கோடையில் அவர்கள் 12 மணிக்கு எடுத்த அளவு, உண்மையில் முற்பகல் அளவு.

1994-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டு 1995-இன் பூமி நாளில் தொடங்கிய 'குளோப்' என்ற உலகளாவிய பள்ளித் திட்டம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்துவிட்டது. உள்ளூர் உச்சிப்பொழுதுக்கு முன்னோ பின்னோ ஒரு மணி நேரத்துக்குள் அளவெடுக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்தியா 2000-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. நீங்கள் அதில் பதிவு செய்யாவிட்டாலும் அதன் அளவெடுப்பு விதிகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். தனியாக விதி எழுத முயன்று இரண்டு மாதத்தை இழந்தவன் சொல்கிறேன்.

அந்த விதிகளில் ஒன்று, வெப்பமானி வைக்கும் வெள்ளைப் பெட்டியின் கதவு நம் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கி இருக்க வேண்டும் என்பது. கதவைத் திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்பதே காரணம். ஜெர்மனியில் நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். நாகர்கோவிலிலோ ஏப்ரல் 11 வாக்கில் தலைக்கு நேர் மேலே வந்து, செப்டம்பர் தொடக்கம் வரை வடக்கே சாய்ந்தே உச்சியைக் கடக்கிறது. ஆதலால் அந்த ஐந்து மாதமும் அளவு பார்க்கிற மாணவர் கதவைத் திறந்து விரைவாகப் படித்து மூட வேண்டும், இன்னொருவர் குடையால் நிழல் தரலாம். இதைப் படம் வரைந்து ஜெர்மானிய மாணவர்களுக்கு அனுப்புங்கள். நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும் ஊர் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

மழையளவுக்கும் இதே தொல்லை உண்டு. நம் வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததை ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. நண்பகலில் மழைமானி பார்க்கும் பள்ளியின் கணக்கு அதோடு பொருந்தாது. 'வானிலைத் துறை தப்பு, சார்' என்று எங்கள் மாணவர்கள் கொண்டாடிய நாள் ஒன்று உண்டு. அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைத்தான் பேசினோம்.

கேள்வி: ஜெர்மானியக் கூட்டாளிப் பள்ளி கரியமிலத் தடம் (ஒருவரின் வாழ்க்கைமுறையால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவு) பற்றிய வினாத்தாளை அனுப்பியது. 'ஆண்டுக்கு எத்தனை முறை விமானத்தில் செல்கிறீர்கள்? குளிர்காலத்தில் வீட்டை எத்தனை பாகைக்குச் சூடாக்குகிறீர்கள்?' என்ற கேள்விகளுக்கு எங்கள் மாணவர்கள் எல்லாவற்றிலும் சுழியம் எழுதிவிட்டுச் சிரித்தார்கள். எப்படித் தொடர்வது? – ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒருவர் வெளியிடும் கரியமில வாயு சுமார் 7 டன். இலங்கையில் ஒரு டன்னை ஒட்டியது. அந்த வினாத்தாள் தன் ஊரின் வாழ்க்கையை மட்டுமே அளக்கத் தெரிந்தது. அதை நிரப்பி அனுப்பினால், அங்கே குற்ற உணர்வும் இங்கே பெருமிதமும் எஞ்சுமேயொழிய வேறொன்றும் கிடைக்காது. வினாத்தாளை இரு பள்ளிகளும் சேர்ந்து எழுத வேண்டும். விறகடுப்பும் நீர் இறைக்கும் இயந்திரமும் அதில் இடம்பெற வேண்டும்.

ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நிலத்தடி நீரும் கிணறுகளுமே உயிர்நாடி. உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று (நைட்ரேட்) அக்கிணறுகளின் பழைய நோய். இதே நோய் ஜெர்மனிக்கும் உண்டு. நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கட்டுப்படுத்தத் தவறியதாக ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூனில் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தப் பொருளில் ஒரு பள்ளி கற்றுக்கொடுக்கவும் மற்றது கற்றுக்கொள்ளவும் வேண்டிய நிலை இல்லை. இருவரும் தங்கள் நீரைச் சோதித்துத் தங்கள் உழவர்களிடம் பேச வேண்டியிருக்கும்.

சோதனைப் பெட்டி வாங்கும்போது அது நைத்திரேற்றைக் காட்டுகிறதா, நைத்திரேற்றில் உள்ள நைதரசனை (நைட்ரஜனை) மட்டும் காட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு முதல் கணக்கில் லீட்டருக்கு 50 மி.கி.; இரண்டாவது கணக்கில் அதுவே சுமார் 11 மி.கி. ஒரு பள்ளி ஒன்றையும் மற்றது வேறொன்றையும் பயன்படுத்தினால், கெட்ட கிணறு நல்ல கிணறாகத் தோன்றிவிடும். உங்கள் அளவு வரம்பைத் தாண்டினால் கிணற்றுக்காரரின் பெயரை வெளியிடாதீர்கள். முதலில் அவரிடமும் பின்னர் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெர்மானிய வகுப்போடு காணொளியில் பேச எந்த நேரம் ஏற்றது? – ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: நமக்குப் பகல் 1.30. அங்கே குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரம் மாறும். அடுத்த திங்களன்று யாராவது ஒருவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுடைய கோடை விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் நாள்காட்டியை முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது அறக்கட்டளை நடத்தும் பள்ளி. கூட்டாளிப் பள்ளி கருவிகள் வாங்கப் பணம் அனுப்புவதாகவும், மாணவர்களின் படங்களைத் தங்கள் தளத்தில் வெளியிட விரும்புவதாகவும் எழுதியிருக்கிறது. ஏற்கலாமா? – பள்ளிச் செயலாளர், மதுரை

பதில்: பணத்தை உடனே ஏற்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அத்தொகையைப் பெற இயலாது. 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு அது புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். கருவியாக அனுப்பினாலும் அதே சட்டம் பொருந்தக்கூடும் என்பதால் உங்கள் தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுங்கள். நேரான பக்கம் கொண்ட பாட்டிலும் அளவுகோலும் இருந்தால் மழைமானி செய்துவிடலாம். பக்கம் சரியாத பாட்டில் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படங்களைப் பொறுத்தவரை, 2023-இன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஐரோப்பாவிலும் கண்டிப்பு உண்டு. மழைமானியைப் பிடித்திருக்கும் கைகளைப் படமெடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். முகம் தெரியாததால் யாருக்கும் மனக்குறை வந்ததில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியின் திட்டத்தில் சேர விரும்புகிறேன். ஆனால் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். – பத்தாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்

பதில்: கிடைக்காது, அம்மா. பொதுத்தேர்வு முடியும் வரை உங்கள் வீட்டார் சொல்வதையே கேளுங்கள். தேர்வு முடிந்ததும் உங்கள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும். அந்த மாதத்தில் பெய்யும் கோடை மழை பெரும்பாலான பள்ளிகளின் பதிவேட்டில் வெறும் கோடுகளாகவே இருக்கிறது. மழைமானியை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து எழுத ஓர் ஆள் அவருக்குத் தேவைப்படும். மழை பெய்யாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். பார்க்க மறந்த நாளில் 0 எழுதாமல், பார்க்கவில்லை என்று எழுத வேண்டும்.